குழந்தை பக்கமே ஒடி

தாத்தா காலமான வருஷமே எங்கள் மயிலாப்பூர் வீட்டின் குறுக்கே ஒரு தட்டி வந்துவிட்டது. இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் சித்தப்பா. அண்டா குண்டானெல்லாம் பங்கு போட்டுக்கொண்ட அண்ணன் தம்பிக்குத் தாத்தாவின் காரை மட்டும் வெட்டிப் பிரிக்க வழி தெரியவில்லை. அது பொதுவில் நின்றது. பேச்சுவார்த்தைதான் அடியோடு நின்றுபோயிருந்தது.

யுத்த காலம். பட்டறைகளெல்லாம் ராணுவ லாரிகளைக் கட்டிக்கொண்டு அழுதன. எங்கள் காரின் ஸ்டீரிங்கோ குளிர்ஜுரம் கண்டதுபோல் நடுங்கியது. அப்பா சிந்தாதிரிப்பேட்டையில் அலைந்து பழைய சாமான்கள் வாங்கிவந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை தாமே மாட்டிவிடுவதென்று வண்டிக்கு அடியில் படுத்துவிட்டார். கோர்ட்டில் வாதாடுகிறவருக்கு அந்தத் துணிச்சல் எப்படி வந்ததோ!

சித்தப்பா தட்டியோரம் வந்து நின்றார். குனிந்து வண்டியின் அடியைப் பார்த்தார். உதட்டோரம் ஒரு சிரிப்பு.

"என்ன சித்தப்பா?" என்றேன்.

"ஒண்ணுமில்லேடி."

பிறகு சக்கரங்களை நேர் பார்க்க வேண்டியிருந்தது. முன்சக்கரம் இரண்டும் முன்பக்கத்தில் இம்மியளவு உள்வாங்கி நிற்க வேண்டுமாம். கயிறு பிடித்துப் பார்க்க இரண்டு ஆள் வேண்டும். சித்தப்பா தாமாகவே வந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். பேச்சு மட்டும் என் வழியாகத்தான். "கயிறு தொய்யறதுன்னு சொல்லு" என்பார் அப்பா. "இழுத்துண்டுதான் இருக்கேன்னு சொல்லு" என்பார் சித்தப்பா. நடுவில் ஒரு கார் அகலம்தான், அப்பாவுக்குக் காதும் நன்றாகவே கேட்கும். ஆனாலும் நான் சொல்லும்வரை காத்திருப்பார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வேலை முடிந்து அப்பா வண்டியைக் கிளப்பினார். சக்கரம் ஆடுகிறதா என்று பார்த்துச் சொல்லும்படி என்னை மதிலோரம் போய் நிற்கச் சொன்னார். வண்டி நேராகத்தான் வந்தது. என்னை விட்டு விலகிப் போக, அப்பா ஸ்டீரிங்கை மறுபக்கம் ஒடித்தார். வண்டி என் பக்கம் திரும்பியது. இன்னும் ஒடித்தார். இன்னும் என்மேல் வந்தது. பிரேக் என்று ஒன்று இருப்பதே அவருக்கு மறந்துவிட்டது. எனக்கோ கால் எழவில்லை. முதுகுக்குப் பின்னால் மதில்.

"அண்ணா! குழந்தை பக்கமே ஒடி! குழந்தை பக்கமே!"

சித்தப்பாதான். அப்பா ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. பெற்ற பெண்ணை நோக்கியே ஸ்டீரிங்கைச் சுழற்றினார். அப்பா என்னைக் கொல்லப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

வண்டி என் பாவாடையை உரசிக்கொண்டு விலகிப் போய்க் கிணற்றுச் சுவரில் முட்டி நின்றது. ஸ்டீரிங்கிலிருந்து கீழ்நோக்கித் தொங்கவேண்டிய இரும்புக் கையை அப்பா மேல்நோக்கி மாட்டியிருந்தார். அதனால் இடம் வலமாகி, வலம் இடமாகிவிட்டது.

அம்மா ஓடிவந்து என்னை வாரி அணைத்துக்கொண்டாள். "குழந்தையைக் காப்பாத்திக் கொடுத்தேளே!" என்று சித்தப்பாவைப் பார்த்துக் கைகூப்பினாள். அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அப்பா அவரெதிரில் போய் நின்றார்.

"நான் அடியிலே இருக்கறச்சேயே பார்த்துட்டே, இல்லையா?"

சித்தப்பா எழுந்து தட்டிக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்.

அடுத்த மாதமே சித்தப்பா அடையாறுக்கு ஜாகை மாற்றிக்கொண்டு போய்விட்டார். அப்பா தடுக்கவில்லை. அண்ணன் நாலு பேர் எதிரில் முழிக்கட்டும், சிரிக்கலாம் என்றுதான் சித்தப்பா வாயை மூடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். தப்பு முன்பே தெரிந்தவரால்தான் அப்படிக் கத்தியிருக்கவும் முடியும். இதெல்லாம் எனக்கு எட்டாத வயசு. என் உயிரைக் காப்பாற்றியவரை அப்பா துரத்திவிட்டாரே என்று அழுதேன். வெகுநாள் வரை அப்பாவிடம் எதுவானாலும், "சொல்லும்மா" என்று அம்மா வழியாகத்தான் சொல்லியனுப்பினேன். அவரும் அம்மா சொல்லும்வரை காத்திருந்தார்.