சூடான புத்தகம்

திருப்பதி நூலகத்தில் என் மகள், ப்ராஜெக்டுக்காகச் சந்திரகிரிக் கோட்டை பற்றிய புத்தகம் கேட்டாள். ஊழியர் நாற்காலியை விட்டு அசையாமலே, "லேதும்மா, புக் இல்ல" என்றார். அந்த உட்காரல் எனக்குத் தெரியும்.

நான் பள்ளியில் படித்தபோது நகரி நூலகத்தில் என் அப்பா அட்டெண்டர்; நைனா என்றுதான் கூப்பிடுவேன். ஒன்பதாவதில் எங்களுக்கும் ப்ராஜெக்ட் இதே கோட்டைதான். இருந்த ஒரே புத்தகத்தை எனக்காக நாற்காலி மெத்தைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். என்னோடு படித்த கமலா தறி வேலையைப் போட்டுவிட்டு, தலையெல்லாம் பஞ்சோடு மூன்று நாள் வந்தாள்.

"நாளைக்குக் கடைசி நாளுங்க. இன்னொரு தபா பாருங்க."

"எவனோ எடுத்துக்கினு பூட்டான், போம்மா."

அவள் போனதும் அலமாரிக்குப் பின்னாலிருந்து வந்தேன். நைனா எழுந்து புத்தகத்தை நீட்டினார். சூடாக இருந்தது. "தறிக்காரன் பொண்ணுக்குக் கோட்டை எதுக்கு?" என்றார். சிரித்தேன். மறுநாள் பள்ளிக்கு வெறுங்கையோடு வந்தவளை வெயிலில் முட்டி போட வைத்தார்கள். அப்போதும் சிரித்தேன்.

இப்போது ஊழியரிடம், "கொஞ்சம் எழுந்திருங்க சார்" என்றேன். முகம் செத்துப்போய் எழுந்தார். மெத்தைக்கு அடியில் புத்தகம் இருந்தது.

யாருடைய பிள்ளைக்காக வைத்திருந்தார் என்று நான் கேட்கவில்லை. சூடு ஆறுவதற்குள் என் மகள் பேரில் பதிந்து வாங்கிக்கொண்டேன்.