மேடைக்கு வந்த காய்ச்சல்

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு நாடகம் போடலாம் என்று வாயைத் திறந்தது நான்தான். வழக்கமாக ஈப்போவிலிருந்து ஒரு பாட்டுக் குழு வரும். அந்த வருஷம் அவர்கள் வேறு எங்கோ ஒப்புக்கொண்டுவிட்டார்கள். கோயில் தலைவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, "நாமளே ஒன்னு போட்டா என்னா?" என்று கேட்டேன். கேட்டு முடிப்பதற்குள், "அப்ப நீயே எழுதிரும்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

தோட்டத்துத் தேயிலைக் கடையில் சுற்றுலாக்காரர்களுக்குத் தேயிலைப் பெட்டி விற்பது என் வேலை. பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதியதோடு சரி. ஆனால் எழுத உட்கார்ந்ததும் கை நிற்கவில்லை! காட்டை வெட்டித் தேயிலை நட்ட காலத்தில் காய்ச்சல் வந்து ஆட்கள் விழுந்த கதை எங்கள் லயத்தில் எல்லா வீட்டிலும் துண்டு துண்டாகக் கிடக்கிறது. என் வீட்டுக்காரரின் குடும்பத்தில்கூட ஒரு பெண் அப்படிப் போயிருக்கிறாள். அவளையே கதாநாயகி ஆக்கினேன். கடைசிக் காட்சியில் அவள் காய்ச்சல் வேகத்தில் எழுந்து உட்கார்ந்து, வந்த கப்பலோடும் ஊரில் விட்டுவந்த அம்மாவோடும் பேசிவிட்டுச் சாய வேண்டும்.

அந்த வேஷம் என் நாத்தனாருக்கு. திரிங்காப்பில் ஒரு மரக்கறித் தோட்டத்தில் முட்டைக்கோஸ் அடுக்குகிறவள். கூப்பிட்டால் அடுத்த மலைக்குக் கேட்கும். கங்காணி வேஷம் என் வீட்டுக்காரருக்கு. துரைக்கு வெள்ளையான ஆள் வேண்டுமே என்று தேடி, எங்கள் தோட்டத்தில் கொழுந்து வெட்டும் நேப்பாளத்துக்காரர் ஒருவரைப் பிடித்தோம். அவருக்கு ஒரே வசனம்: "எல்லாரும் வேலைக்கு வா!" அதை மட்டும் எத்தனை முறை சொல்லிக் கொடுத்தாலும் கும்பிட்டுக்கொண்டேதான் சொல்வார்.

நாத்தனாருக்கு மற்ற காட்சிகள் எல்லாம் நன்றாக வந்தன. காய்ச்சல் காட்சிதான் வரவில்லை. சாமி வந்தவள் மாதிரி தலையை விரித்துப்போட்டு ஆடினாள்.

"இது காய்ச்சலா, கரகமா?" என்றேன்.

"எனக்குக் காய்ச்சலே வந்தது இல்ல அண்ணி. எப்படித் தெரியும்லா?" என்றாள்.

மேடையில் காடு வேண்டும் என்பதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் மேல்மலைக்குப் போனோம். தேயிலை முடிந்து புதர் ஆரம்பிக்கும் இடம் அது. லாலாங் புல்லும் பெரணியும் இடுப்பளவு நின்றன. நாத்தனார்தான் எல்லோரையும்விட அதிகம் வெட்டினாள். வெட்டிய குவியல் மேல் மல்லாந்து படுத்துக்கொண்டு, "அண்ணி, போட்டோ எடுங்க!" என்று கத்தினாள். கொழுந்து ஏற்றும் லோரியில் அத்தனையையும் கொண்டுவந்து கோயில் மண்டபத்து மூலையில் போட்டோம்.

திருவிழா வாரம் வந்தது. ஒரு சாயங்காலம் ஒத்திகைக்கு அவள் பேச்சில்லாமல் வந்தாள். "தலைவலி அண்ணி, பரவால்ல" என்றாள். கடைசிக் காட்சிக்குப் பாயில் படுத்தாள். எழுந்து உட்கார்ந்தாளே, மண்டபமே அடங்கிப் போனது. கத்தவில்லை, ஆடவில்லை. பற்கள் மட்டும் மெல்ல அடித்துக்கொண்டன. கண் எங்கேயோ தூரத்தில் நின்றது. நான் எழுதிய வசனத்தை, யாரிடமோ தண்ணீர் கேட்பது போலப் பேசினாள். அவள் சாய்ந்ததும் எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். துரை வேஷக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பூரித்துப்போய் ஓடி அவளைக் கட்டிப்பிடித்தேன்.

கன்னம் அடுப்பில் வைத்த கெண்டி மாதிரி கொதித்தது.

"ஏங்க, லோரிய எடுங்க!" என்று கத்தினேன். வீட்டுக்காரர் கங்காணித் தலைப்பாகையோடு ஓடினார். முன்சீட்டில் எங்கள் இருவருக்கும் நடுவில் அவளை உட்காரவைத்து டவுன் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். மரக்கறி லோரிகள் வரிசையாக முன்னால் ஊர்ந்தன. அவள் என் தோளில் சாய்ந்து வசனத்தையே சொல்லிக்கொண்டு வந்தாள். நடிக்கிறாளா, பிதற்றுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. திடீரென்று, "அம்மா, கப்பல்ல எதுக்கு முட்டைக்கோஸ் ஏத்துறாங்க?" என்றாள். அது நான் எழுதியது இல்லை. வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன எனக்கு.

ஆஸ்பத்திரியில் இளம் வயது மலாய் டாக்டரம்மா ஒருவர் இருந்தார். முதலில் டெங்கியா என்று பார்க்க ரத்தம் எடுத்தார்கள். பிறகு அவர், "மாசோக் ஹுத்தான் கா?" என்று கேட்டார். காட்டுக்குள் போனீர்களா என்று. நான் புல் வெட்டின கதையைச் சொன்னேன். எதற்குப் புல் என்றார். நாடகத்துக்கு என்றேன். என்ன நாடகம் என்றார். காய்ச்சலில் செத்துப்போன ஒரு பெண்ணைப் பற்றி என்றேன். டாக்டரம்மா என்னையும், தலைப்பாகையோடு நின்ற வீட்டுக்காரரையும் ஒரு கணம் மாறி மாறிப் பார்த்தார்.

உடனே திரையை இழுத்துவிட்டு, தமிழ் நர்சைக் கூப்பிட்டு, நாத்தனாரின் அக்குள், முழங்கால் மடிப்பு என்று ஒவ்வொரு இடமாகத் தேட ஆரம்பித்தார். இடுப்பில், பாவாடை நாடா அழுந்தும் இடத்தில், சிகரெட்டால் சுட்டது போல் கறுப்பாக ஒரு சின்னப் பொருக்கு. "இதோ!" என்று டாக்டரம்மா சொன்ன சொல்லில் அத்தனை சந்தோஷம்! தொலைந்த சாவி கிடைத்த மாதிரி முகம்.

நர்ஸ் எங்களுக்கு விளக்கினார். "உண்ணிக் காய்ச்சலாத்தான் இருக்கும்கா. புல்லுல இருக்கும், கண்ணுக்கே தெரியாத பூச்சி. கடிச்சது வலிக்காது. சில நாள் கழிச்சுத்தான் காய்ச்சல் வரும். விட்டா ஆபத்து. ஆனா மாத்திரை இருக்கு, சீக்கிரம் கேக்கும். பயப்படாதீங்க."

அந்தக் காலத்தில் எங்கள் வீட்டுப் பெண்ணைக் கொண்டுபோனது இதே காய்ச்சலாகக்கூட இருக்கலாம். மலேரியாவாகவும் இருக்கலாம். யாரும் அவள் இடுப்பில் தேடிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அப்போது மாத்திரை இல்லை. அவளைப் பற்றி எழுதி முடித்துவிட்டதாக நினைத்திருந்தேன். எனக்கு அவளைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்று அந்த ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது.

மாத்திரை கேட்டது. மறுநாளே சூடு இறங்க ஆரம்பித்தது. அதற்கு அடுத்த நாள் காலையில் போனால், அவள் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "அண்ணி, என் வேஷத்த நீங்கதான் போடணும்" என்றாள்.

"நானா! எனக்கு மேடைன்னாலே கால் உதறும்."

"காய்ச்சல்காரிக்குக் கால் உதறுனா நல்லதுதானே?" என்றாள். பக்கத்துக் கட்டில் அம்மா விழுந்து விழுந்து சிரித்தார்.

மண்டபத்தில் கிடந்த புல்லை வீட்டுக்காரர் கையுறை போட்டு வாரி எரித்துவிட்டார். காடு இல்லையே என்று நாங்கள் தவித்தபோது, துரை ஒரு பழைய கன்வாஸை விரித்துப் பெயின்ட் அடித்தார். எங்கள் மலைக்குப் பின்னால் பனி மூடிய நேப்பாளத்து மலை ஒன்றும் வந்துவிட்டது. யாரும் அதை அழிக்கவில்லை.

திருவிழா அன்று நாத்தனாரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். ஓய்வாகப் படுத்திருக்கச் சொன்னால் கேட்டால்தானே? ஸ்வெட்டர், கம்பளி, தலையில் மஃப்ளர் என்று முன்வரிசையில் வந்து உட்கார்ந்துகொண்டாள். மண்டபம் நிறைந்து வெளியேயும் ஆட்கள். துரை, "எல்லாரும் வேலைக்கு வா!" என்று வழக்கம்போல் கும்பிட்டபோது சிரிப்பில் கூரை பறந்தது.

கடைசிக் காட்சி. எழுந்து உட்கார்ந்தேன். "கப்பலே, கொஞ்சம் நில்லு" என்றேன். அதோடு சரி, எல்லாம் மறந்துவிட்டது. நானே எழுதிய வசனம்! எதிரே இருந்த தலைகள் எல்லாம் ஒரே இருட்டாகத் தெரிந்தன.

அப்போது கீழேயிருந்து நாத்தனாரின் குரல் வந்தது. "என் அம்மா கரையில நிக்குது, ஒரு சொல்லு சொல்லிட்டு வந்துடறேன்." பலவீனமான குரல்தான், ஆனால் தெளிவாகக் கேட்டது. நான் அதையே திருப்பிச் சொன்னேன். அவள் அடுத்த வரியைச் சொன்னாள். நானும் சொன்னேன். அப்படியே கீழே ஒருத்தி, மேலே ஒருத்தி. கொஞ்ச நேரத்தில் எனக்கே வரிகள் வந்துவிட்டன. ஆனாலும் அவள் நிறுத்தவில்லை, நானும் நிறுத்தச் சொல்லவில்லை. கடைசி வரியை இரண்டு பேரும் சேர்ந்து சொன்னோம். நான் சாய்ந்தேன். கண்ணை மூடிக்கொண்டு கைதட்டலைக் கேட்டேன். அப்படி ஒரு சத்தத்தை அந்த மண்டபத்தில் நான் அதற்குமுன் கேட்டதில்லை.

"ரெண்டு பொம்பளைய வச்சு எழுதுனது நல்ல யோசனைம்மா" என்றார் கோயில் தலைவர். நானும் தலையாட்டி வைத்தேன்.

அப்புறம் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. பீஹூன் சேமியாத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஆளாளுக்குக் காய்ச்சல் கதை சொல்ல ஆரம்பித்தார்கள். ரிங்லெட்டிலிருந்து வந்த ஒருவர் டெங்கியில் எலும்பெல்லாம் முறிவது போல வலித்ததைச் சொன்னார். கோலா தெர்லாவில் பூ பயிரிடும் ஒரு அம்மா, எலிக் காய்ச்சலில் மஞ்சளாகிப்போன தன் தம்பியைப் பற்றிச் சொன்னார். துரை தன் ஊர்க் காய்ச்சலைப் பாதி மலாயிலும் பாதி கையசைவிலும் நடித்தே காட்டினார். நடுவில் நாத்தனார் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, இடுப்பில் எந்த இடம் என்று கேட்கிற பெண்களுக்கெல்லாம் சளைக்காமல் காட்டிக்கொண்டிருந்தாள்.