கல்யாண வீடியோவில் அவர் குரல்

"இருபத்தாறு வருசத்துல நான் பாடி ஒரு பாட்டையாவது முழுசாக் கேட்டியா நீ?"

குழம்பு கொதிக்கிற நேரம் பார்த்து, என் கணவர் இதைச் சிலேட்டில் எழுதி முகத்துக்கு நேரே நீட்டினார். புற்றுநோய்க்காகக் குரல்வளையை எடுத்த பிறகு எங்கள் வீட்டுச் சண்டை இப்படித்தான். நான் கத்துவேன், அவர் எழுதுவார். நான் பதில் சொல்வதற்குள் அழித்தும் விடுவார்.

கல்யாண ஆர்கெஸ்ட்ரா பாடகனுக்குப் பெண்டாட்டியாக இருப்பதும் ஒரு தொழில்தான். மிளகுப்பால் காய்ச்ச வேண்டும், ஜிகினாச் சட்டையைக் கையால் துவைக்க வேண்டும், மண்டபமே கைதட்டும்போது பந்தியில் இடம் பிடிக்க வேண்டும். இதே தொழிலில் மாட்டிக்கொண்ட சகோதரிகளே, உங்களுக்குப் புரியும்.

காப்பி

நான் படித்த கான்வென்டில் காப்பி அடித்தால் சிஸ்டர் முட்டியிலேயே ஸ்கேலால் போடுவார். அப்படி வளர்ந்த எனக்கு, இன்னொருவர் பாடிய சினிமாப் பாட்டைத் திரும்பப் பாடுவதே வேலையாக இருப்பவரைக் கட்டிவைத்தார்கள். அவர் வீட்டில் சாதகம் பண்ண ஆரம்பித்தால் நான் அதே பாட்டின் ரெக்கார்டை சத்தமாகப் போடுவேன். ஒரிஜினல் இருக்கும்போது இது எதற்கு என்று அவர் முகத்தைப் பார்த்தே கேட்டிருக்கிறேன்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் நர்ஸ் அவரை ஒரு பாட்டுப் பாடச் சொன்னார். நான் ஸ்கேன் ரிப்போர்ட் தேடுகிற எரிச்சலில், அதெல்லாம் அப்புறம் பார்க்கலாம் என்றேன். அந்தப் பெண் என் பக்கம் திரும்பினார். "அப்புறம்னு ஒண்ணு இல்லம்மா. போன்ல பதிஞ்சு வச்சுக்கங்க."

திருப்பரங்குன்றம்

பதியவில்லை. 'பால் வாங்கணுமா' என்று அவர் கேட்பது போனில் நாலு இடத்தில் கிடக்கிறது. பாட்டுதான் ஒன்றுகூட இல்லை. சிலேட்டுச் சண்டைக்கு மறுநாளே, அவர் பாடிய கல்யாண வீடுகளைத் தேடிப் புறப்பட்டேன்.

முதல் வீட்டில் வீடியோ இருந்தது. அவர் மைக்கைப் பிடித்துக் கண்ணை மூடுகிறார், வாய் அசைகிறது. வருவதோ சினிமாப் பாடகரின் குரல். கல்யாண வீடியோவில் மேடைச் சத்தத்தை எடுத்துவிட்டு ரெக்கார்டை ஒட்டுவதுதான் வழக்கமாம். எடிட் செய்தவரைத் தேடிப்போய்ச் சண்டை போட்டேன். அவர் கம்ப்யூட்டரிலிருந்து தலையைக்கூடத் திருப்பவில்லை. "ஏக்கா, ஒரிஜினல் இருக்கும்போது அண்ணன் குரல் எதுக்கு?"

சகோதரிகளே, என் வசனத்தையே திருப்பி வாங்கிக்கொண்டு அந்தக் கடைப் படி இறங்கினேன்.

திருவாதவூர்

ஐந்தாவது வீட்டில் கேசட்டே கிடைத்தது. கல்யாணத்தன்று மைக்செட்காரர் பதிந்ததாம். பாட்டுக்கு நடுவே ஒருவர் மைக்கை வாங்கி, தாய்மாமன் மேடைக்கு வரவேண்டும் என்று அதட்டுகிறார். அது முடியும்வரை காத்திருந்து, விட்ட இடத்திலிருந்து பாட்டை எடுக்கிறார் என் கணவர். அவர் குரலேதான். அந்த வீட்டு நடையில் நின்றபடியே முழுசாகக் கேட்டேன்.

எடுத்துப்போய்க் கொண்டுவந்து தருகிறேன் என்றதற்கு அந்த வீட்டுக்காரர் கேசட்டை மடியில் வைத்துக்கொண்டார். "போன்ல எம்புட்டு வேணும்னாலும் பிடிச்சுக்கங்க. கேசட்டு மட்டும் வெளிய போகாது. அந்த அதட்டுற குரலு எங்கய்யாவோடது, அவரு போய்ட்டாரு."

வீடு

போனில் பிடித்துக்கொண்டு வந்து அவர் முன்னால் போட்டேன். இரண்டு வரி கேட்டார். சிலேட்டை எடுத்தார். "சுதி சேரல. ஒரிஜினலப் போடு."

நகலில் என்ன இருக்கிறது என்று இத்தனை வருடம் கேட்டு, கடைசியில் ஒருவரை நம்ப வைத்துவிட்டேன்.

அவர் கை போனுக்கு நீண்டது. ஓடட்டுமே, இன்னும் மூணு நிமிஷம்தான் இருக்கிறது, எனக்காக ஓடட்டுமே என்றேன்.