சத்தமே போடாத மல்லி

எங்கள் நாய்க் காப்பகத்தில் மல்லி ஏழு மாதமாக இருக்கிறாள். ஆள் வந்தாலே தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள்.

இன்று அன்னூரிலிருந்து ஒரு விவசாயி வந்தார். டிரம் பக்கத்தில் அரை மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். மல்லி மெல்ல வெளியே வந்து அவர் கையை முகர்ந்தாள்.

"ஏனுங்க, நல்லாக் குலைக்குமுங்களா?"

"சத்தமே போடாதுங்க" என்றேன் பெருமையாக. ஃபிளாட்காரர்களிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய்.

"தோட்டத்துல ஆடு காக்கறதுக்குங்க அம்மணி. குலைக்கோணுமில்லீங்க?"

மல்லியின் தலையைத் தடவிவிட்டுப் போய்விட்டார்.

ஜீப் கிளம்பியதும் மல்லி கேட்டுக்கு ஓடினாள். தொண்டை கட்டும்வரை குலைத்தாள். பிறகு டிரம்முக்குப் பின்னால் போய்விட்டாள். சோற்றுக்கும் வரவில்லை.

அவர் நம்பரை நான் வாங்கவில்லை. அன்னூர்ப் பக்கம் வெள்ளை ஜீப் வைத்து ஆடு வளர்ப்பவரைத் தெரிந்தவர்கள் அவரிடம் சொல்லுங்கள்: மல்லி குலைப்பாள், பொய் சொன்னது நான்தான்.