ஆயிரம் அடியா, ஐந்நூறு அடியா

1. குர்கானில் ஒரு காலை

கேப்டன் செல்வினை நான் ஃபெயிலாக்கிய அன்று, தவறு செய்தது நான். இந்த ஒரு வரியை எழுத எனக்கு வெகு நாள் ஆயிற்று.

எங்கள் விமானக் கம்பெனியும் இன்னொரு சின்னக் கம்பெனியும் அப்போதுதான் ஒன்றாகியிருந்தன. அவர்களுடைய விமானங்கள் வேறு ரகம். இரண்டு ரகத்தையும் வைத்துக்கொள்வதில்லை, குத்தகை முடிய முடிய அவர்களுடையவற்றைத் திருப்பி அனுப்பிவிடுவது என்று நிர்வாகம் முடிவெடுத்தது. அவற்றை ஓட்டியவர்கள் எங்கள் ரகத்துக்கான பயிற்சியை முடித்து, கடைசியில் சிமுலேட்டரில் ஒரு செக் கொடுக்க வேண்டும். தேறினால் கேப்டன் கேப்டனாகவே இருப்பார். கேப்டன் இடங்கள் குறைவு. ஒரு பேட்சைத் தவறவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

அந்தச் செக்கை எடுக்கும் எக்ஸாமினர்களில் நானும் ஒருவன். வயது அறுபத்திரண்டு. எக்ஸாமினர்களையும் குறைக்கப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது.

செல்வின் தூத்துக்குடிக்காரர், அந்தச் சின்னக் கம்பெனியில் பதினோரு வருடம் கேப்டன். அன்று காலை எட்டு மணிக்கு அவருடைய செக். நான் துவாரகாவிலிருந்து காரில் போய்க்கொண்டிருந்தபோது பயிற்சித் துறைத் தலைவர் மல்ஹோத்ரா போன் செய்தார். புது புல்லட்டின் ஒன்று வந்திருக்கிறது, அது செல்வினின் பேட்ச்காரர்களின் டேப்லெட்டில் இன்னும் ஏறவில்லை என்றார்.

"ஆப் பிரீஃபிங் மே போல் தேனா, அச்சா?" செக்குக்கு முந்தைய பிரீஃபிங்கில் நீங்களே சொல்லிவிடுங்கள் என்றார்.

"அச்சா சார்," என்றேன்.

புல்லட்டின் விஷயம் இதுதான். இறங்கும்போது விமானத்தின் வேகம், சரிவு, சக்கரம் எல்லாம் ஒரு குறிப்பிட்ட உயரத்துக்குள் ஒழுங்குக்கு வந்துவிட வேண்டும். வராவிட்டால் இறங்கக் கூடாது. மேலே ஏறி, சுற்றிவிட்டுத் திரும்ப வர வேண்டும்; அதுதான் கோ-அரவுண்ட். வானம் தெளிவாக இருந்தால் அந்த எல்லை ஐந்நூறு அடி என்பது பழைய விதி. இனி எந்த வானிலையிலும் ஆயிரம் அடி என்று மாற்றியிருந்தார்கள்.

போக்குவரத்தில் மாட்டி இருபது நிமிடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன். அவசர அவசரமாக பிரீஃபிங்கை முடித்தேன். மல்ஹோத்ரா சொன்னது அடியோடு மறந்துபோயிற்று.

செல்வின் அருமையாக ஓட்டினார். இன்ஜின் ஃபெயிலியர் கொடுத்தேன், அலட்டிக்கொள்ளாமல் சமாளித்தார். ஓடுதளத்தை நோக்கி இறங்கி வரும் கடைசி அப்ரோச்சில் ஆயிரம் அடியில் வேகம் கொஞ்சம் கூடுதல். எழுநூறில் சரிசெய்துவிட்டார். சக்கரம் தொட்டதே தெரியவில்லை.

2. டீபிரீஃபிங்

செக் முடிந்ததும் நிறைகுறை பேச உட்கார்ந்தோம்.

"செல்வின், ஆயிரம் அடியில உங்க ஸ்பீடு பார்த்தீங்களா?"

"பார்த்தேன் சார். ஐந்நூறுக்கு முன்னாடி செட்டில் ஆயிட்டுல்லா?"

"ஆயிரத்துலயே கோ-அரவுண்ட் பண்ணியிருக்கணும்."

"என்ன சார் சொல்லுதீங்க? கிளியர் வெதர்ல ஐந்நூறுதானே?"

அந்த நொடியில்தான் மல்ஹோத்ராவின் குரல் எனக்கு நினைவு வந்தது. "மன்னிச்சுக்கோங்க, நான் சொல்ல மறந்துட்டேன். அந்த அப்ரோச்சை மட்டும் இன்னொரு தடவை போடுங்க" என்று சொல்லியிருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும்.

ஆனால் அப்ரோச்சைத் திரும்ப எடுத்தால் ஏன் என்று எழுத வேண்டும். எழுதினால் பிரீஃபிங்கில் கோட்டைவிட்டவன் என்று என் பேர் மேலே போகும். ஆள் குறைக்கிற நேரம். அதோடு இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். எங்கள் கோ-பைலட்டுகள் மாதக்கணக்காகக் குமைந்துகொண்டிருந்தார்கள். "அவங்க ஆளு ஒருத்தர் உள்ள வந்தா, நம்ம ஆளு ஒருத்தர் வெளியே சார்" என்பார்கள். நான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தவன்.

"புல்லட்டின் வந்தாச்சே. படிக்கலையா?" என்றேன்.

அவர் டேப்லெட்டை எடுத்துத் தேடினார். மேலே தள்ளினார், கீழே தள்ளினார். "எனக்கு வரலை சார்."

"ரூல் ரூல்தான்," என்றேன். ஃபாரத்தில் 'தேறவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவரும் போட்டார். என் முகத்தைப் பார்த்து "தேங்க் யூ சார்" என்றார்.

மறுபயிற்சி எடுத்து மூன்று வாரத்தில் வேறு எக்ஸாமினரிடம் தேறிவிட்டார். அதற்குள் அந்த பேட்ச் இடங்கள் நிரம்பிவிட்டன. காத்திருங்கள், இல்லாவிட்டால் கோ-பைலட்டாக வாருங்கள் என்றார்கள். இரண்டு பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். தோளிலிருந்த நாலு பட்டையில் ஒன்றைக் கழற்றிவிட்டு கோ-பைலட்டின் வலது பக்க சீட்டில் உட்கார்ந்தார்.

3. ஐ.என்.ஏ. மார்க்கெட்

அந்தச் செக் முடிந்து ஏழு மாதம் ஆன ஒரு ஞாயிற்றுக்கிழமை, டெல்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு மீன் வாங்கப் போயிருந்தேன். செல்வினும் அவர் மனைவி ஸ்டெல்லாவும் அங்கே வஞ்சிரத்துக்கு விலை பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்தான் என்னைப் பார்த்துக் கூப்பிட்டு, மனைவிக்கு அறிமுகம் செய்துவைத்தார்.

"நீங்கதானா சார்? ஸ்ட்ரிக்ட்டான எக்ஸாமினர், ஆனா நல்ல மனுஷன்னு அவுக சொன்னாக," என்றார் ஸ்டெல்லா. "அவுகதான் புல்லட்டினைப் படிக்காம விட்டுட்டாகளாமே. இத்தனை வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு கவனக்குறைவா சார்?"

செல்வின் மீன்காரரிடம், "பையா, தோடா பத்லா காட்னா" என்று துண்டுகளை மெல்லிசாக நறுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஏதோ முனகிவிட்டு, மீன் வாங்காமலே வெளியே வந்தேன். மனைவியிடம்கூட அவர் பழியைத் தன் மேலேயே போட்டுக்கொண்டிருந்தார்.

4. வலது சீட்டு

அடுத்த மாதம் டியூட்டி ரோஸ்டரில் எங்கள் இருவரையும் சேர்த்துப் போட்டிருந்தார்கள். டெல்லியிலிருந்து கோவை. நான் கேப்டன், அவர் கோ-பைலட். நாக்பூர் தாண்டியதும் சொல்லிவிட்டேன். மல்ஹோத்ராவின் போன், தாமதம், மறதி, டீபிரீஃபிங்கில் நினைவு வந்தது, வந்த பிறகும் வாயை மூடிக்கொண்டது, எல்லாவற்றையும்.

அவர் எரிபொருள் அளவைக் குறித்துக்கொண்டிருந்தார். குறித்து முடித்த பிறகுதான் பேசினார்.

"தெரியும் சார்."

"எப்படி?"

"மறுநாள் உங்ககிட்ட செக் கொடுத்தது என் ஃபிரெண்டு. பிரீஃபிங்ல ஆயிரம் அடியை நீங்க மூணு தடவை சொன்னீங்களாம். அப்பமே விளங்கிட்டு."

"நீங்க ஏன் யார்கிட்டயும் சொல்லலை?"

"நான் சொன்னா, ஃபெயிலானவன் சாக்குச் சொல்லுதான்னுதானே சொல்லுவாக? சொல்ல வேண்டியது நீங்கல்லா சார். எட்டு மாசமாப் பார்த்துக்கிட்டு இருக்கேன்."

குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சற்று லேசாக இருந்திருக்கும்.

மறுநாள் மல்ஹோத்ராவுக்குக் கடிதம் எழுதினேன். நடந்தது அவ்வளவும் நாலே வரியில் அடங்கிவிட்டது. விசாரித்தார்கள். என் எக்ஸாமினர் பொறுப்பை எடுத்துவிட்டார்கள், எடுக்க வேண்டியதுதான். செல்வினின் ஃபைலிலிருந்து அந்தத் தோல்வியை நீக்கினார்கள். ஆனால் அவர் இடத்தில் ஏற்கெனவே இன்னொருவர் உட்கார்ந்தாயிற்று. அவரை எழுப்ப யாராலும் முடியவில்லை. மேலும் ஒரு வருடம் கழித்துத்தான் செல்வினுக்குக் கேப்டன் பதவி திரும்பியது. சீனியாரிட்டி பட்டியலில் தன்னைவிடச் சின்னவர்கள் பலருக்குக் கீழேதான் இன்றும் அவர் பெயர் இருக்கிறது. அது இனி மாறாது.

இப்போது எக்ஸாமினராக வருகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் உண்டு. டீபிரீஃபிங்கை எதிரே இருப்பவரின் தவறிலிருந்து தொடங்காதீர்கள். அன்று நீங்கள் எதை விட்டீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். அதை அந்த அறையிலேயே, அவர் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். நான் எட்டு மாதம் கழித்துச் சொன்னேன். அது என் மனப் பாரத்தைக் கொஞ்சம் குறைத்தது. அவருக்கு ஒன்றுக்கும் உதவவில்லை.