ஜஸ்டினுக்கு ஏணி வேண்டாம்

ஒரே பொத்தானை முந்நூறு முறை அழுத்தச் சொன்னால், தஸ்லீம் மூன்றாவது முறையிலேயே குறுக்கு வழி தேட ஆரம்பித்துவிடுவாள். பூந்தமல்லியில் அவள் வீட்டிலும் அப்படித்தான். வெங்காயம் உரிக்கச் சொன்னால் எல்லாவற்றையும் தண்ணீரில் ஊறப் போட்டுவிட்டு எழுந்து போய்விடுவாள். அம்மா ஷரீஃபுன்னிசா, "சோம்பேறி" என்பார். "இல்லம்மா, இதுக்குப் பேரு ப்ளானிங்" என்பாள் இவள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் அவள் பார்க்கும் வேலையும் அதுதான். குடோன்களிலும் கல்லூரிகளிலும் புகை வந்தால் அலறும் கருவியைக் கூரையில் பொருத்தும் நிறுவனம் அது. எந்த வாரம் யார் எந்த இடத்துக்குப் போவது என்பதைத் தஸ்லீம் ஒரு மென்பொருளில் திட்டமிடுவாள். சனிக்கிழமை மாலை அந்தத் திட்டம் எல்லோருடைய போனுக்கும் போய்ச் சேரும். திங்கட்கிழமை காலை திட்டு வாங்குவதும் அவள்தான்.

"ஆவடிக்காரங்கள பூந்தமல்லிக்கும், பூந்தமல்லிக்காரங்கள ஆவடிக்கும் அனுப்பிகினு கீறோம்" என்றார் மேலாளர் வசந்தா மேடம். "எல்லா ப்ராஜெக்ட்டுக்கும் ஏரியா பேர டேக் பண்ணிடு."

டேக் என்பது ப்ராஜெக்ட்டின் மேல் ஒட்டும் ஒரு சின்ன அடையாளச் சொல். 'ஆவடி' என்று ஒட்டினால், ஆவடிப் பக்கத்து ஆட்களை மென்பொருள் தானாகவே அங்கே போடும். முந்நூறு ப்ராஜெக்ட்டுக்கும் ஒவ்வொன்றாக ஒட்ட ஒரு வாரம் ஆகும். தஸ்லீம் ஏபிஐ வழியாகப் போனாள். ஏபிஐ என்றால் மென்பொருளின் பின்பக்கக் கதவு மாதிரி. திரையில் எதையும் அழுத்தாமல், எழுதிய கட்டளையை அந்த வழியாக அனுப்பினால் போதும், வேலை நடந்துவிடும். சனிக்கிழமை மதியம் அவள் கட்டளையை அனுப்பினாள். டீ ஆறுவதற்குள் முந்நூறும் முடிந்தது. அவளுக்குத் தன் தோளைத் தானே தட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

மாலை, கருவி பொருத்தப் போகும் ஜஸ்டின் போன் செய்தான். ஆறடி உயரம், கனத்த குரல். அன்று அந்தக் குரல் கிசுகிசுத்தது.

"தஸ்லீம்மா, செம்பரம்பாக்கம் குடோன்ல எனக்கு இன்னா வேல?"

தஸ்லீம் கணினிக்கு ஓடினாள். பழைய டேக்குகளைத் திறந்து பார்த்தாள். ஒன்றும் இல்லை. ஏபிஐ-யில் டேக் அனுப்பினால் பழையதோடு புதியது சேராது. பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கும். விளக்கக் குறிப்பில் ஒரே வரியில் அது இருந்தது. அவள் அந்த வரியைத் தாண்டிப் போயிருந்தாள்.

அழிந்தவற்றில் ஒன்று 'ஏணி'. முன்பொரு நாள் சைட்டுக்குப் போனபோது, ஏணியின் நான்காம் படியைக் கட்டிப்பிடித்துக் கண்ணை மூடி நின்ற ஜஸ்டினை அவள் பார்த்துவிட்டாள். "கண்ல தூசும்மா" என்றான். அவள் யாரிடமும் சொல்லவில்லை. கூரை உயரமான இடம் ஒவ்வொன்றும் தெரியவரும்போது 'ஏணி' என்று டேக் போட்டு, ஜஸ்டினை அங்கே போடாதே என்று மென்பொருளுக்கு ஒரு விதியும் வைத்தாள். வெளியில் ஜஸ்டின் எதற்கும் அஞ்சாதவன் என்றுதான் பேர்.

இந்த வாரம் அவனைக் கையால் மாற்றிவிடலாம். அடுத்த வாரம்? எந்தெந்த இடத்தில் 'ஏணி' இருந்தது என்று அவளுக்கே முழுதாக நினைவில்லை. கேட்டால் ஏன் என்பார்கள். கேட்காவிட்டால், ஜஸ்டின் நாற்பதடிக் கூரையின் கீழே நின்று எல்லோர் முன்னாலும் கூனிக் குறுக வேண்டும்.

யோசித்து, நிறுவனத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள்: "பெரிய ஏணி வேண்டிய சைட் எல்லாம் சொல்லுங்க. டேக் போடணும்."

கொரட்டூர் கோபி இரண்டு இடம் சொன்னான். வேறு யாரோ ஒன்று. பிறகு ஜஸ்டினிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. அது முடிகிற மாதிரியே இல்லை.

"செம்பரம்பாக்கம் குடோன், நாப்பது அடி. திருமழிசை பெயிண்ட் கம்பெனி, முப்பத்தஞ்சு. அங்க மேல கம்பி வேற ஆடும். வேலப்பன்சாவடி காலேஜ்ல ஆடிட்டோரியம் மட்டும். பேனல் ரூம்ல கூரை தாழ்வு, பயமில்ல..." இப்படியே ஆவடி வரைக்கும் போனான்.

தஸ்லீம் தலையில் கை வைத்தாள்.

கோபி எழுதினான்: "மாமே, நீ ஏறாத எடத்துக்கெல்லாம் அளவு வெச்சிகினு கீற."

"கீழேர்ந்து பாத்தேன்."

"தெரியும். ஒசரமான எடம்னா, டீ சொல்ட்டு வரேன்னு போவியே. நீ திரும்பி வர்றதுக்குள்ள நான் ஏறி எறங்கிடுவேன்."

"உனக்குத் தெரியுமாடா?"

"எல்லாருக்கும் தெரியும். அதான் உனக்கு டீ வாங்கக் காசு நாங்களே குடுத்தோம்."

சிரிக்கும் முகங்களாக வந்து குவிந்தன. ஜஸ்டின் கடைசியில் எழுதினான்: "சரி, பயம்தான். இப்ப இன்னா?"

"ஒண்ணுமில்ல. பேனல் வயரிங் நீ போடு, ஏணி நான். கணக்கு சரியாதான கீது" என்று எழுதினான் கோபி.

அப்போதுதான் குழுவில் வசந்தா மேடமும் இருப்பது தஸ்லீமுக்கு நினைவு வந்தது. அவருடைய செய்தி வந்தது: "திங்கட்கிழமை கோபி செம்பரம்பாக்கம். ஜஸ்டின் வேலப்பன்சாவடி பேனல் ரூம். தஸ்லீம், டேக்க அழிச்சது யாருன்னு நான் கேக்கல."

தஸ்லீம் விளக்கக் குறிப்பின் அந்த ஒற்றை வரியை வாய்ப்பாடு மாதிரி மனதில் ஏற்றிக்கொண்டு, கட்டளையை மாற்றி எழுதினாள். முதலில் பழைய டேக்குகளைப் படி, புதியதை அவற்றோடு சேர், பிறகு அனுப்பு. இந்த முறை ஒரே ஒரு ப்ராஜெக்ட்டில் சோதித்துப் பார்த்தாள். 'பூந்தமல்லி'யும் 'ஏணி'யும் பக்கத்துப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தன. பிறகுதான் மற்றவற்றுக்கு அனுப்பினாள். உயரமான இடங்கள் எவை என்பதற்கு ஜஸ்டினின் குரலே போதுமானதாக இருந்தது.

திங்கட்கிழமை காலை திட்டுவதற்கு யாரும் போன் செய்யவில்லை. பதினொரு மணிக்குக் குழுவில் ஒரு படம் வந்தது. வேலப்பன்சாவடி பேனல் ரூமில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலின் மேல் ஜஸ்டின் நின்றிருந்தான். ஒரு கை சுவரில், மறு கை இடுப்பில்.

கோபி கேட்டான்: "மேல காத்து எப்டி கீது மாமே?"

"சில்லுனு கீது. நீயும் வா."

தஸ்லீம் சிரித்துக்கொண்டே அந்த ப்ராஜெக்ட்டைத் திறந்தாள். இருந்த டேக்குகளை ஒரு முறை படித்துவிட்டு, அவற்றோடு இன்னொன்றைச் சேர்த்தாள்: 'ஸ்டூல் போதும்'.