ஊசித் தடம்

எந்தக் கோட்டு வந்தாலும் தோ ஜங்னிம் முதலில் அதை உள்பக்கம் புரட்டித்தான் பார்ப்பாள். கட்டைவிரலால் துணியைத் தேய்த்தபடி, கம்பெனிப் பெயரைக் கேட்பதற்கு முன்பே கேட்பாள்: "உங்க ஆளுங்க நெருப்புப் பக்கமா, தண்ணிப் பக்கமா, பெயின்ட் பக்கமா?"

வேலைக் கோட்டுகளில் கம்பெனிப் பெயரும் சின்னமும் போட்டுத்தரும் அவள் கடை, கோஜே தீவில் கப்பல் கட்டும் தளத்தின் பின்வாசலுக்கு எதிரே. வெல்டர் கோட்டில் சூடு வைத்து ஒட்டும் எழுத்து ஆகாது. பொறி பட்டால் உருகி நெஞ்சைச் சுடும். பெயின்டருக்கு அச்சடித்தால், பெயின்ட் கரைக்கும் தின்னர் அதை ஒரே மாதத்தில் தின்றுவிடும். மழைக்கோட்டில் எம்பிராய்டரி போட்டால் ஊசி நுழைந்த வழியெல்லாம் தண்ணீரும் நுழையும். இதையெல்லாம் அவள் வேகவைத்த சர்க்கரைவள்ளிக்கிழங்கை உரித்துக்கொண்டே சொல்வாள். ஆறு தலை எம்பிராய்டரி எந்திரத்தில் நாலாவது தலை அடிக்கடி நூலை அறுக்கும். அதற்கு அவள் வைத்த பெயர் மாமியார். தளத்து ஆட்கள் அவளுக்கு வைத்த பெயர் சித்தி.

ஒரு கம்பெனி எத்தனை நாள் இருக்கும் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும் என்பது மட்டும் அவளுக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது.

மூன்று குளிர்காலங்களுக்கு முன் ஒரு சின்ன ஒப்பந்தக் கம்பெனிக்கு, முப்பத்துநான்கு பஞ்சுக்கோட்டுகளில் கடற்பறவைச் சின்னம் போட்டுக் கொடுத்தாள். அவர்கள் கேட்டது ஒட்டுவதைத்தான். "ஒட்டுனா உரியும். தைச்சா உங்க ஆயுசுக்கும் நிக்கும்" என்று மனதை மாற்றியவள் அவள். மார்ச்சில் சாரத்திலிருந்து ஒருவர் விழுந்தார். சாரத்தைச் சரிசெய்யும்வரை ஏறமாட்டோம் என்று மற்றவர்கள் இரண்டு நாள் கீழேயே நின்றார்கள். கம்பெனியின் ஒப்பந்தம் போயிற்று, கம்பெனியும் போயிற்று.

அடுத்த குளிரில், வேறு வேலை தேடிய அந்த ஆட்கள் சின்னத்தை எடுக்கச் சொல்லிக் கோட்டுகளை அவளிடமே கொண்டுவந்தார்கள். காசு வாங்காமல் எல்லாவற்றையும் பிரித்துக் கொடுத்தாள். நூல் போனது, ஓட்டைகள் போகவில்லை. வெளுத்த துணி நடுவே வெளுக்காத பறவை. வேலை கேட்டுப் போன இடத்தில், பியோ என்ற வெல்டரின் நெஞ்சை மேஸ்திரி ஒருவர் கையால் தடவிப் பார்த்தாராம். "ஓ, சாரத்துல ஏறமாட்டேன்னு நின்ன கும்பலா? போய்யா, போ."

பியோ இப்போது துறைமுகம் தாண்டி ஒரு கொட்டகையில் சிப்பி உடைக்கிறான். ஒருநாள் வந்து சொன்னான்: "உன்னக் குத்தம் சொல்லல சித்தி. தையல் ரொம்ப நல்லா இருந்துச்சு. அதான் வினை."

திட்டியிருந்தால் அவளுக்கு அது மறந்துபோயிருக்கும்.

போன வாரம் போங் என்ற புது ஒப்பந்தக் கம்பெனி முதலாளி நாற்பது கோட்டுகளோடு வந்தார். நெஞ்சிலேயே எம்பிராய்டரி வேண்டும், பெரிதாக வேண்டும்.

"தனித்துணியில போட்டு மேல தச்சுத் தரேனே. அதுவும் எம்பிராய்டரிதான்."

"ஏன் சித்தி, ஆறு மாசத்துல கம்பெனிய மூடிருவேன்னு சாபம் விடுறியா?"

"ஐயோ, நூறு வருசம் நல்லா இருங்க."

"அப்ப கோட்டுலயே நேராப் போடு. ஒட்டுப்போட்ட கோட்டு என் ஆளுங்களுக்கு வேணாம்."

அவள் தலையாட்டினாள். பிறகு கோட்டின் நிறத்திலேயே துணி தேடி நாற்பது சதுரங்கள் வெட்டினாள். சின்னத்தை அவற்றில் போட்டு, ஓரத்தை மட்டும் கோட்டோடு அரிசி மூட்டை வாயைத் தைக்கும் சங்கிலித் தையலில் பிடித்தாள். முடிச்சை அறுத்து ஒரு நுனியை இழுத்தால் மொத்தமும் கழன்றுவரும். மிஞ்சும் ஓட்டைகள் ஒரு சதுரத்தைக் காட்டுமே தவிர, யார் பெயரையும் காட்டாது. இதை நேர்மை என்று சொல்ல முடியாது. அவளும் அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை. பியோவுக்கு இதனால் ஆகப்போவதும் ஒன்றுமில்லை.

நேற்று போங் வந்து சின்னத்தைத் தட்டிப் பார்த்தார். "இதான் வேலை! மொதல்லயே நான் சொன்னதக் கேட்டிருக்கலாம்ல?" என்று சிரித்து, கட்டுகளை வண்டியில் ஏற்றப் போனார். அவரோடு வந்த வெல்டர் சோக், தன் கோட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றிருந்தான்.

ஜங்னிம் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தாள். சோக்கின் விரலைப் பிடித்து, சின்னத்தின் கீழ் ஓரத்தில் செருகியிருந்த நூல்நுனியின் மேல் வைத்து அழுத்தினாள்.